ஒற்றைக்காலில் நிற்பவன்

1

இந்தக் கதை எனக்கு எங்கிருந்து கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என்னைப் பிடித்துக் குடைய வேண்டாம். தூக்கத்தில் வந்த தரிசனம் ஒன்றும் கிடையாது. ஒரு பதிப்பாளர், வருங்காலம் பார்ப்பதற்கான டாரட் சீட்டுக்கட்டு ஒன்றைத் தமிழில் கொண்டுவர ஆசைப்பட்டார். கட்டோடு சேர்த்துக் கொடுக்க ஒரு சின்ன விளக்கப் புத்தகம் வேண்டும், சீட்டுக்கு ஒரு பத்தி, எழுதித் தர முடியுமா என்று கேட்டார். இந்தச் சீட்டுகளில் எனக்கு நம்பிக்கை உண்டா என்று அவர் கேட்கவில்லை. நானும் வலியப் போய்ச் சொல்லவில்லை. (நாளைக்கு மழை என்று செய்தியில் சொன்னால் குடையை வீட்டில் வைத்துவிட்டுப் போகிறவள் நான்.)

வேலை மளமளவென்று ஓடியது. பன்னிரண்டாம் எண் சீட்டில் வந்து மாட்டிக்கொண்டேன்.

அதைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். இலை துளிர்த்திருக்கும் ஒரு மரச் சட்டம். அதிலிருந்து ஒரு மனிதன் ஒற்றைக் கணுக்காலில் கட்டப்பட்டுத் தலைகீழாகத் தொங்குகிறான். இன்னொரு காலை மடித்து முதல் காலுக்குப் பின்னால் வைத்திருக்கிறான். கைகள் முதுகுப்பக்கம். தலையைச் சுற்றி ஒளிவட்டம். முகத்தைப் பார்த்தால், மதியம் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஈஸிசேரில் சாய்ந்தவனுக்கு வருமே, அப்படி ஒரு நிம்மதி. பழைய காலத்தில் துரோகிகளை இப்படித் தலைகீழாகத் தொங்குவதாகச் சுவரில் வரைந்து அவமானப்படுத்தும் வழக்கம் ஒரு தேசத்தில் இருந்ததாம். படம் அங்கிருந்து வந்திருக்கலாம் என்கிறார்கள். ஆனால் சீட்டு பார்க்கிறவர்கள் இதற்குத் தண்டனை என்று பொருள் சொல்வதில்லை. காத்திருத்தல், விட்டுக்கொடுத்தல், பிடியைத் தளர்த்துதல், எல்லாரும் பார்க்கும் பக்கத்திலிருந்து பார்க்காமல் வேறு பக்கத்திலிருந்து பார்த்தல். அவனை யாரும் கட்டவில்லை, அவனே விரும்பித்தான் தொங்குகிறான் என்றுகூடச் சிலர் சொல்கிறார்கள்.

சரி, இதை அப்படியே எழுத வேண்டியதுதானே என்பீர்கள். எழுதியிருப்பேன். என் அத்தான் இதே மாதிரி தொங்காமல் இருந்திருந்தால்.

2

தொடக்கம் மட்டும் பலமுறை எழுதிவிட்டேன். அடித்தவற்றையும் பார்த்துவிடுங்கள், எனக்கு வெட்கம் போய் ரொம்ப நாளாகிறது.

"அந்தரத்தில் ஒரு மனிதன் தொங்கினான். அவன் தலைக்கு மேலே தெருவும் காலுக்குக் கீழே வானமும்—"

இது கவிதையாகப் போகிறது. அத்தான் படித்தால், "தெரு எங்கேயும் போகலையே, இருந்த இடத்துலதானே இருந்துச்சு?" என்பார்.

"விதி ஒரு மனிதனின் காலைப் பிடித்து—"

வேண்டவே வேண்டாம். விதியின் மேல் பழியைப் போட்டுவிட்டால் பலகையைச் சரியாக மாட்டாதவன் தப்பித்துவிடுவான்.

நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். அத்தான் என் அக்காவின் கணவர். உயரமான கட்டடங்களுக்கு வெளியே கண்ணாடி துடைப்பது அவர் வேலை. மொட்டைமாடியில் கயிறு கட்டி, இடுப்பில் பட்டை மாட்டி, ஒரு பலகையில் உட்கார்ந்தபடி மாடி மாடியாக இறங்கி வருவார். ஒரு நாள் பலகை ஒரு பக்கமாகக் கவிழ்ந்தது. பட்டை அவரை விழாமல் காப்பாற்றியது. ஆனால் ஒரு கால் கயிற்றில் சுற்றிக்கொண்டு மேலேயே நிற்க, உடம்பு தலைகீழாகிவிட்டது. மேலிருந்து ஆட்கள் இறங்கி வந்து நிமிர்த்தும்வரை அப்படியே கிடந்தார். கணுக்காலில் கட்டுப்போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். இப்போது கால் தேறிவிட்டது. சூப்பர்வைசர் ஃபோன் செய்து, வருகிற திங்கட்கிழமை வேலைக்கு வருகிறாயா இல்லை வேறு ஆளைப் போடட்டுமா என்று கேட்டுவிட்டார்.

அத்தான் போகிறேன் என்றும் சொல்லவில்லை, போகமாட்டேன் என்றும் சொல்லவில்லை. அக்கா போகவே கூடாது என்கிறாள். இதுதான் கதை. திங்கட்கிழமை அவர் கயிற்றில் ஏறுவாரா, மாட்டாரா? இதை விட்டுவிட்டு நான் வேறு எதையாவது பேசினால் தயவுசெய்து பக்கத்தைப் புரட்டிவிடுங்கள்.

(எப்படி இருந்தது என்று யார் கேட்டாலும் அத்தானிடம் ஒரே பதில்தான்: "ஒண்ணுமில்ல, கொஞ்ச நேரம் ரத்தம் தலைக்கு ஏறுச்சு, அவ்வளவுதான்." சொந்தக்காரர்களுக்கும் இதே, பக்கத்து வீட்டுக்காரருக்கும் இதே, டாக்டருக்கும் இதே. எழுதுகிறவளுக்கு இப்படி ஒரு பாத்திரம் வாய்த்தால் என்ன செய்வது? கல்லில் நாரா உரிக்க முடியும்?)

3

அடுத்த சிக்கல், சீட்டின் தமிழ்ப் பெயர்.

எங்கள் வீட்டில், அதாவது மாடியில் நான், கீழே அவர்கள் இருவர், அந்த விபத்துக்குப் பிறகு 'தொங்கு' என்ற சொல் புழக்கத்தில் இல்லை. யாரும் சட்டம் போடவில்லை. அக்காவின் முகம் மாறுவதைப் பார்த்துப் பார்த்து நாங்களாகவே விட்டுவிட்டோம். கொடியில் துணி தொங்காது, காயும். சட்டை ஆணியில் இருக்கும். குழாய் ரிப்பேர் தொங்கலில் கிடந்தால் 'இன்னும் முடியல' என்போம். ஒரு நாள் நான் மறந்துபோய், "முகத்தை ஏன்க்கா தொங்கப்போட்டுக்கிட்டு இருக்கே?" என்று கேட்டுவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

இந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டுதான் தாளின் தலைப்பில் 'தூக்கில் தொங்கியவன்' என்று எழுதினேன். தேநீர் கொண்டுவந்த அக்கா பார்த்துவிட்டாள்.

"என்னடி இது?"

"சீட்டு பேருக்கா."

"வேற பேரே கிடைக்கலையா உனக்கு? இதைப் படிச்சா யாரோ உயிரை மாய்ச்சுக்கிட்ட மாதிரி இருக்கு."

அவள் சொன்னது சரிதான். அடித்துவிட்டு 'தலைகீழ் மனிதன்' என்று எழுதினேன். அதுவும் உதவவில்லை. நம் மொழியில் தலைகீழானவனுக்கு மரியாதையே கிடையாது. ஒருவனை மட்டம்தட்ட வேண்டுமென்றால் 'நீ தலைகீழா நின்னாலும் நடக்காது' என்கிறோம். குடும்பம் நொடித்தால் 'எல்லாம் தலைகீழாயிடுச்சு' என்கிறோம். பாடத்தைத் தலைகீழாக ஒப்பிக்கிறவன் ஒருவனுக்குத்தான் நல்ல பெயர். இந்த லட்சணத்தில் ஒருவன் தலைகீழாக நிம்மதியாக இருக்கிறான் என்று எழுதினால் யார் நம்புவார்கள்?

பதிப்பாளர் பொறுமை இழந்து ஃபோன் செய்தார்.

"மரணம்கிற சீட்டையே ரெண்டு வரியில முடிச்சிட்டீங்களேம்மா. இவன் சாகக்கூட இல்ல. இவனுக்கு எதுக்கு இத்தனை நாள்?"

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் கேள்வி நல்ல கேள்வி. செத்தவனைப் பற்றி எழுதுவது சுலபம். என்ன ஆகப்போகிறதென்று தெரியாமல் இருக்கிறவனைப் பற்றி எழுதுவதுதான் பெரும்பாடு.

4

அக்கா மறுநாள் மாடிக்கு வந்தாள். நேராக விஷயத்துக்கு வருவது அவள் பழக்கமில்லை. ஜன்னலைத் துடைத்தாள், என் புத்தகங்களை அடுக்கினாள், அப்புறம் கேட்டாள்.

"அந்தச் சீட்டுக்கு என்னதான் அர்த்தம்?"

சொன்னேன். அவள் ஒரே ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டாள்.

"காத்திருன்னா, போகாதேன்னு அர்த்தம்தானே?"

"அப்படி இல்லக்கா. கொஞ்சம் நிதானிக்கச் சொல்லுது."

"நிதானிக்கிறதும் போகாம இருக்கிறதும் ஒண்ணுதான். நீதானே அர்த்தம் எழுதுறே? 'உயரமான இடத்துக்குப் போகாதே'ன்னு ஒரு வரி சேர்த்துடு. கை என்ன தேஞ்சா போயிடும்?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"நான் சொன்னா அவர் காதுல ஏறாது. அச்சடிச்ச தாள்ல இருந்தா கேப்பாரு. மாத்திரை டப்பாவுக்குள்ள மடிச்சு வச்சிருக்கிற தாளையே முழுசாப் படிக்கிற மனுஷன்."

அது உண்மை. மிக்ஸியோடு வரும் கையேட்டையும் படிப்பார்.

திட்டம் அவளுடையது. மாதிரி அச்சு வந்ததும், விளையாட்டுப் போல, ஒரு மாலை சீட்டுகளை மேசையில் கவிழ்த்து வைக்க வேண்டும். அத்தான் கைக்குப் பன்னிரண்டாம் சீட்டு வரும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். நான் வாயால் பொருள் சொல்ல வேண்டும். முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் கண்ணைப் பார்த்ததும் சரி என்று தலையாட்டிவிட்டேன். தவிர, அவர் போகக் கூடாது என்றுதான் எனக்கும் இருந்தது. அதனால் இந்த இடத்திலேயே சொல்லிவைக்கிறேன்: இந்தக் கதையை எழுதுகிறவள் நடுநிலையானவள் இல்லை.

5

மாதிரி அச்சு வந்தது. பன்னிரண்டாம் எண்ணைத் தேடி எடுத்தேன். பார்த்தேன். மறுபடியும் பார்த்தேன். மேலே எண் நேராக இருந்தது. கீழே, தமிழ்ப் பெயர் இன்னும் முடிவாகாததால், ஆங்கிலப் பெயரே நேராக இருந்தது. நடுவில் மனிதனும் நேராக இருந்தான்! ஒற்றைக் காலை ஊன்றி, மறு காலை மடித்து, கையைப் பின்னால் கட்டி, ஒளிவட்டத்தோடு, பக்கத்து வீட்டுக்காரனிடம் பந்தயத்தில் ஜெயித்தவன் போல நின்றான்.

அச்சகத்தில் பக்கங்களை வடிவமைக்கும் லேஅவுட் அண்ணனைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, பன்னிரண்டாம் நம்பர் படம்..."

"ஆமாம்மா, தலைகீழா வந்திருந்துச்சு. யாரோ ஸ்கேன் பண்றப்ப மாத்தி வச்சிருக்காங்க. நல்லவேளை, நான் பார்த்தேன். நேராக்கிட்டேன்." குரலில் அவ்வளவு பெருமை.

"அண்ணே, அது தலைகீழாத்தான் இருக்கணும்."

மறுமுனையில் மவுஸைச் சொடுக்கும் சத்தம் கேட்டது.

"ஒரு மனுஷன் எதுக்கும்மா தலைகீழா இருக்கணும்?"

விளக்கினேன். மரம், கணுக்கால், காத்திருத்தல், எல்லாம். பொறுமையாகக் கேட்டார்.

"என்னமோ போங்க. அப்படியே விட்டிருந்தா பிரிண்டிங் மிஸ்டேக்னு என் தலையைத்தானே உருட்டுவாங்க? கடைசி அச்சுல மாத்திடறேன். ஆனா நான் பண்ணதுதான் பார்க்க நல்லா இருக்கு."

(அடிக்குறிப்பு. கீழே போட வேண்டியது, இங்கேயே போடுகிறேன். நம்மிடையே ஒற்றைக்காலில் நிற்பதென்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. கேட்டது கிடைக்கும்வரை விடமாட்டேன் என்ற பிடிவாதம். விட்டுக்கொடுத்தவனின் படத்தை அண்ணன் ஒரு சொடுக்கில் விட்டே கொடுக்காதவனின் படமாக்கிவிட்டார். வேறு மொழிக்காரர்களுக்கு இது படத்தில் நேர்ந்த தவறு மட்டும்தான். நமக்குப் பொருளே எதிர்ப்பக்கம் போய்விட்டது. அந்தப் பத்தியை எழுதுவதற்காக நான் பட்ட பாடெல்லாம் அண்ணனுக்குத் தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் பெருமைப்பட்டிருப்பார்.)

படம் தப்பு, சரியானது வரட்டும் என்று அக்காவிடம் சொன்னேன். "அதெல்லாம் வேண்டாம், இன்னிக்கே வச்சுக்கலாம்" என்று அவளும்... வேண்டாம், அந்த உவமையை அத்தானுக்கே விட்டுவைக்கிறேன். அவர்தான் முதலில் சொன்னார்.

6

செவ்வாய்க்கிழமை மாலை. சாப்பாட்டு மேசை. மூன்று சீட்டுகளைக் கவிழ்த்து வைத்தேன். நடுவில் இருப்பது பன்னிரண்டு என்று எனக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும். அத்தானின் கை ஓரத்துச் சீட்டுக்குப் போனது.

"அது அழுக்கா இருக்கு. நடுவுல இருக்கிறதை எடுங்க," என்றாள் அக்கா.

அன்று காலையில் அச்சான சீட்டு. அத்தான் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நடுச்சீட்டை எடுத்தார்.

"யாரு இவன்? ஒத்தக்கால்ல நிக்கிறான்... உங்க அக்கா மாதிரியே இருக்கானே."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா என்னை முறைத்தாள்.

"அர்த்தத்தைச் சொல்லுடி."

என் வசனம் தயாராக இருந்தது. 'கொஞ்ச காலம் காத்திருங்கள், உயரம் இப்போது வேண்டாம்.' ஒத்திகைகூடப் பார்த்திருந்தேன். வாயைத் திறந்தால் வேறு எதுவோ வந்தது.

"அத்தான், படம் தப்பா அச்சாயிருக்கு. இவன் நிக்கல."

"பின்னே?"

வீட்டில் இல்லாத சொல் அது. அக்காவைப் பார்க்காமல் சொன்னேன்.

"தொங்குறான்."

அத்தான் சீட்டைத் திருப்பிப் பிடித்தார். இப்போது எண்ணும் பெயரும் தலைகீழாகி, மனிதன் சரியாகத் தொங்கினான். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். அக்கா மேசைத் துணியின் ஓரத்தை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"மூஞ்சிதான் நம்ப முடியல," என்றார் அத்தான்.

"ஏன்?"

"சிரிக்கிறான் பாரு. நான் சிரிக்கல. நான் கத்தினேன்."

நாங்கள் இருவரும் அசையவில்லை. எங்கே நிறுத்திவிடுவாரோ என்று பயம். அவர் சீட்டைப் பார்த்தே பேசினார்.

"கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆபீஸ்ல ஒரு அம்மா சாப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க. என்னைப் பார்த்ததும் ஓடி வந்தாங்க. அது திறக்கிற ஜன்னல் இல்ல. அவங்களால ஒண்ணும் பண்ண முடியல. கையைக் கண்ணாடியில வச்சாங்க. என் மூஞ்சியைப் பார்க்கணும்னு தலையை அப்படியே சாய்ச்சு, குனிஞ்சு... ஆளுங்க வர்ற வரைக்கும் நகரவே இல்ல. நான் கத்தினது அவங்களுக்குக் கேட்டிருக்காது." பிறகு அக்கா பக்கம் திரும்பினார். "உன்னைத்தான் கூப்பிட்டேன். அவ்வளவு நேரமும் உன்னையேதான் கூப்பிட்டுக்கிட்டு இருந்தேன். சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன்."

"இத்தனை நாளா ஏன் சொல்லல?"

"சொன்னா நீ போக விடமாட்டே."

"இப்ப மட்டும் விட்டுடுவேனா?"

"பயமாத்தான் இருக்கு. இல்லேங்கல. மாடிப்படி ஏறுறப்பகூடக் கைப்பிடியைப் புடிச்சுக்கிறேன். பஸ்ல ஜன்னல் சீட்டு காலியா இருந்தா நின்னுக்கிட்டே வர்றேன். இப்படியே விட்டா நாளைக்கு ஸ்டூல்ல ஏறி ஒரு பல்பு மாத்த மாட்டேன். ஒரே ஒரு தடவை ஏறி இறங்கிட்டேன்னா..."

"பல்பை நான் மாத்திக்கிறேன்," என்றாள் அக்கா.

அக்கா அழுதாள். அத்தான் எழுந்து போய் மூன்று பேருக்கும் தண்ணீர் கொண்டுவந்தார்.

7

பதிப்பாளரின் பத்தியை அன்றைக்கே முடித்து அனுப்பினேன். காத்திருத்தல், விட்டுக்கொடுத்தல், எல்லாம் எழுதி, 'முகத்தை மட்டும் நம்ப வேண்டாம்' என்று ஒரு வரி சேர்த்தேன். வாங்குகிறவர்களுக்குக் குழப்பமாக இருக்கும் என்று அவர் அதை வெட்டிவிட்டார். உயரத்தைப் பற்றிய வரியை நான் சேர்க்கவில்லை.

அந்த வேலை முடிந்த பிறகுதான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் சந்தேகங்கள். முதல் சந்தேகம் அத்தான் மேல். என் எழுத்தில் அவர் கொஞ்சம் அதிகமாக நல்லவராகிவிட்டார். நிஜத்தில் ஈரத் துண்டைக் கட்டில்மேல் போடுகிறவர், சீரியலில் அடுத்து என்ன வரும் என்று முன்கூட்டியே சொல்லி எல்லார் வயிற்றெரிச்சலையும் கொட்டிக்கொள்கிறவர். இரண்டாவது சந்தேகம் கண்ணாடிக்குப் பின்னால் நின்ற அந்தப் பெண்மணி. இவ்வளவு நல்ல ஒருவரை இரண்டு வரியில் விட்டுவிடுவதா? இழுத்துப் பார்த்தேன்.

"ஒரு நாள் மாலை கதவு தட்டப்பட்டது. வாசலில் நின்ற பெண்மணியை அத்தானுக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை, ஏனெனில் அவர் இப்போது நேராக—"

அக்கா என் தோளுக்கு மேலாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

"அவங்களை ஏன்டி வம்புக்கு இழுக்கிறே? அவங்க மட்டும் நம்ம வீட்டுக்கு வந்தா, நான் கையைப் புடிச்சுக்கிட்டு ஓன்னு அழுதுடுவேன். உன் கதை நாசமாப் போயிடும்."

பெண்மணியை அங்கேயே, கண்ணாடிக்கு அந்தப் பக்கமே விட்டுவிட்டேன்.

8

இன்று ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம். சூப்பர்வைசருக்கு அத்தான் இன்னும் பதில் சொல்லவில்லை. காலையில், வேலைக்குப் போட்டுக்கொண்டு போகும் ஷூவை எடுத்துத் தட்டி வெயிலில் வைத்தார். ஷூவை வெயிலில் வைப்பதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம் என்று அக்கா சொன்னாள். ஒரு காரணமும் சொல்லவில்லை.

மூன்று முடிவுகள் கைவசம் இருக்கின்றன.

ஒன்று. அத்தான் போகிறார். ஏறுகிறார், இறங்குகிறார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "ஒண்ணுமில்ல" என்கிறார். இந்தமுறை அது உண்மை. அக்கா அவரை நாலு வார்த்தை திட்டிவிட்டுச் சாப்பாடு போடுகிறாள். மறுநாளும் அவர் போகிறார், அதற்கு மறுநாளும். ஒவ்வொரு நாளும் அவர் ஷூவை வாசலில் கழற்றும் சத்தம் கேட்கும்வரை அவளுக்கு மூச்சு பாதிதான் வருகிறது.

இரண்டு. போகவில்லை. தரையில் கால் பாவி நிற்கும் வேலை ஒன்று கிடைக்கிறது. அக்கா நன்றாகத் தூங்குகிறாள். அத்தான் தெருவில் நடக்கும்போது உயரமான கட்டடம் வந்தால் கீழே பார்த்துக்கொண்டு நடக்கிறார். பல்பை அக்கா மாற்றுகிறாள். அவர் ஸ்டூலைப் பிடித்துக்கொள்கிறார்.

மூன்று. "பலகை மறுபடியும்—"

இல்லை. அந்த ஒரு வரிக்கு மேல் கை போகவில்லை. அதையும் அழித்திருக்க வேண்டும். அழிப்பதற்குள் அக்கா மாடிக்கு வந்துவிட்டாள்.

முதலாவதைப் படித்தாள். இரண்டாவதைப் படித்தாள். மூன்றாவதில் பாதி வரியைப் படித்துவிட்டு என் கையைத் தட்டிவிட்டாள். சின்ன வயதில் அடித்ததற்குப் பிறகு இப்போதுதான் அடிக்கிறாள்.

"எதைப் போடப் போறே?"

"நீயே சொல்லுக்கா. ரெண்டாவதைப் போட்டுடவா?"

ஆமாம் என்பாள் என்று நினைத்தேன். அவள் வேண்டாமென்று தலையை ஆட்டினாள்.

"அதுல அவரைப் பார்க்கப் பாவமா இருக்கு."

"அப்போ முதலாவது?"

"அதுல என்னைப் பார்க்கப் பாவமா இருக்கு."

"கதைன்னா ஒரு முடிவு வேணும்க்கா."

"யாருக்கு வேணும்? நீ முடிச்சாதானே திங்கட்கிழமை வரும்? நீ முடிக்காத வரைக்கும் அவர் கீழ உக்காந்து டிவி பார்த்துக்கிட்டுதானே இருக்காரு?"

அப்படியெல்லாம் இல்லை, எழுத்துக்கு அந்தச் சக்தி கிடையாது, திங்கட்கிழமை யாரையும் கேட்டுக்கொண்டு வருவதில்லை என்று சொல்ல நினைத்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன். சொல்லவில்லை.

கீழே டிவி ஓடுகிறது. அத்தான் சீரியலில் அடுத்து என்ன நடக்கும் என்று யாருமில்லாத கூடத்தில் சத்தமாகச் சொல்கிறார். அவர் சொன்னபடியே நடக்கிறது போலிருக்கிறது, சிரிக்கிறார். அக்கா என் நாற்காலிக்குப் பின்னால் நின்று அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

நான் இங்கே நிறுத்திக்கொள்கிறேன். முடிவு தெரிந்தே ஆகவேண்டும் என்று உங்களில் யாருக்காவது இருந்தால், நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணையில்லை. ஆனால் எழுதியதும் அந்த வரியை என் அக்காவுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும். அவள் இங்கேதான் நிற்கிறாள்.